பிரதமர் மகள் தலையாட்டினாள்

படிக்கட்டின் உச்சியிலிருந்து அந்தச் சிறுமி உருண்டு விழுந்தபோது, இருநூறு பேர் சிரித்தார்கள்.

சிலர் கைகூடத் தட்டினார்கள்.

அவள் கடைசிப் படியில் தாடை மோதி, குப்புறக் கவிழ்ந்து, அசைவற்றுப் போன பிறகும் சிரிப்பு ஓயவில்லை...

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அது காமெடித் தொடரின் படப்பிடிப்பு. 'அப்பா மீட்டிங்ல இருக்கார்' என்று பெயர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவின் டிராம் வண்டிகள் காலியாக ஓடுவதே அந்தத் தொடரால்தான். பிரதமரின் வாலுப் பெண் டோரா வாரம் ஒருமுறை எதன் மேலாவது விழுந்தாக வேண்டும். போன வாரம் கல்யாணக் கேக். அதற்கு முந்தைய வாரம் வெளிநாட்டுத் தூதரின் மடி. இந்த வாரம் படிக்கட்டு போலிருக்கிறது என்று ஜனம் ரசித்தது.

செட்டில் விரித்திருந்த கம்பளமும் சிவப்பு. ரத்தம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"நிறுத்துங்க! டாக்டரைக் கூப்பிடுங்க!"

அலறியவர் பிரதமர்.

அதாவது, பிரதமர் வேஷக்காரர் அஸ்பாரு. படிக்கட்டின் மேல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, கோட்டும் டையுமாக நின்றார். இருநூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே அவரைத் தவிர யாருமில்லை.

சிரிப்பு அப்போதுதான் நின்றது.

டோராவாக நடித்த தெமெனுகாவுக்குப் பதினோரு வயது. நிஜத்திலும் அவள் லேசுப்பட்ட வீட்டுப் பிள்ளை இல்லை. அம்மா ஸ்னெஜானா, நாட்டின் துணைப் பிரதமர். போலீஸ் இலாகா அவர் கையில். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்ச் சுவர்களில் எல்லாம் அம்மா மகளை அணைத்துக்கொண்டு சிரித்தார். 'தாயின் கையில் நாடு' என்று கீழே கொட்டை எழுத்து. அந்த எபிசோடில் துணைப் பிரதமராகவே தலைகாட்டுவதற்காக அன்று அவரும் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். மகள் விழுந்த நேரம் மேக்கப் அறையில் இருந்ததாக அவருடைய பாதுகாவலர் சொன்னார்.

போலீஸ் அமைச்சரின் ஆள் சொல்வதை எந்தப் போலீஸ்காரர் மறுப்பார்?

*

மறுநாள் காலை. இன்ஸ்பெக்டர் நெவெனாவின் செல்போன் அலறியது. மறுமுனையில் மேலதிகாரி.

"அந்தப் பொண்ணு கேஸை நீ பாரு, நெவெனா."

"நான் ஏன் சார்?"

"மத்தவங்க எல்லாரும் லீவு போட்டுட்டாங்க."

"சரி சார்..."

"சாயங்கால நியூஸுக்குள்ள ஒரு ஆளைக் காட்டணும். துணைப் பிரதமர் கேட்கறாங்க."

"ஆள் யாரா இருந்தாலும் பரவாயில்லையா சார்?"

மறுமுனை பட்டென்று வைக்கப்பட்டது.

பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த சார்ஜென்ட் பெஞ்சோ கேட்டான். "என்ன சீஃப், பிரமோஷனா?"

"பலி ஆடு."

"ஆடு யாரு?"

"கேஸ் முடிஞ்சாத்தான் தெரியும். எழுந்து வா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர்களை வராந்தாவிலேயே மறித்துக்கொண்டார். தூக்கமில்லாத முகம்.

"தாடை ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. ரெண்டு மணிக்கட்டும் போச்சு, மாவுக்கட்டு. மூச்சுக்காகத் தொண்டையில குழாய் வெச்சிருக்கோம். பேச்சு வராது. முகம் வீங்கி, கண்ணும் மூடிக்கிச்சு. காது கேட்குது. கழுத்துக்கு ஒண்ணும் ஆகல, பெரிய விஷயம்."

"எப்ப வீட்டுக்கு விடுவீங்க?"

"என்னைக் கேட்டா மூணு வாரம். என்னை யார் கேட்கறா? நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க. வீட்டுலயே டாக்டர், நர்ஸ் எல்லாம் ஏற்பாடு பண்றாங்களாம்."

"அப்பா?"

"பிரிஞ்சு போனவர். பர்காஸ் துறைமுகத்துல கிரேன் ஓட்டறார். மூணு தடவை போன் பண்ணிட்டார். உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு."

அறைக்குள் ஸ்னெஜானா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். நேற்றைய மேக்கப் கலையவில்லை. அழுத முகம்தான், ஆனால் அழகாக அழுத முகம்.

"உட்காருங்க இன்ஸ்பெக்டர். சீக்கிரம் முடிச்சுடலாம்."

"நான் குழந்தைகிட்ட சில கேள்வி கேட்கணும் மேடம்."

"நான் கேட்கறேன். என் குரல்னா பயப்பட மாட்டா." அவர் குனிந்து மகளின் தலைமுடியை ஒதுக்கினார். "தெமி... அம்மாடா. மேல உன்னோட நின்னது அஸ்பாரு மாமாதானே? அவர்தானே தள்ளிவிட்டார்?"

குழாயில் மூச்சு விசில் அடித்தது.

கட்டுப் போட்ட தலை அசைந்தது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். மறுபடி ஒருமுறை.

எங்கள் நாட்டில் தலை பக்கவாட்டில் ஆடினால் ஆமாம் என்று அர்த்தம். மேலும் கீழும் ஆடினால் இல்லை. பல்கேரியாவில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஸ்னெஜானா நீளமாக மூச்சு விட்டார். "பார்த்தீங்கல்ல?"

"இன்னும் ரெண்டு கேள்வி மேடம்..."

"குழந்தை களைச்சுப் போயிருக்கா. போங்க. போய் அவனைப் பிடிங்க."

சாயங்கால நியூஸில் அஸ்பாரு விலங்கோடு ஜீப்பில் ஏறுவதை நாடே பார்த்தது. ஆறு வருஷம் பிரதமராகப் பார்த்து ரசித்த முகம். பேக்கரிக்காரி ஒருத்தி கேமரா முன்னால் விசும்பி விசும்பி அழுதாள். நிஜப் பிரதமரைக் கைது செய்திருந்தால்கூட அவள் அப்படி அழுதிருப்பாளா என்பது சந்தேகம்.

*

விசாரணை அறை.

அஸ்பாருவின் கோட்டில், கீழே ஓடித் தூக்கியபோது பட்ட தெமெனுகாவின் ரத்தம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. ஐம்பது வயது மனிதர் ஒரே நாளில் எழுபதாகியிருந்தார்.

பெஞ்சோ ஒரு காபிக் கோப்பையை நீட்டினான். "குடிக்கறீங்களா சார்?"

அஸ்பாரு தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"வேண்டாமா? சரி." பெஞ்சோ கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

"அய்யோ, வேணும்ப்பா. கொடு."

"வேண்டாம்னு தலையாட்டினீங்களே சார்."

"மன்னிச்சுக்கோ. பழக்கம் போகல."

நெவெனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏன் தள்ளினீங்க?"

"தள்ளலம்மா. நான் இந்தப் பக்கத்துக் கதவுக்குப் பின்னால என் முறைக்காக நின்னுட்டிருந்தேன். அவ அந்தப் பக்கம். நடுவுல பலகைத் தடுப்பு, ஒரே இருட்டு. தொப்புன்னு சத்தம் கேட்டுது. ஓடிவந்தேன்."

"அந்தப் பக்கம் வேற யார் இருந்தா?"

"தெரியல. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"குழந்தை உங்க பேரைத்தான் சொல்றா."

அவர் முகம் சுருங்கியது. அடி வாங்கியதுபோல் பின்னால் சாய்ந்தார். "தெமியா? தெமி அப்படிச் சொல்ல மாட்டாளே... ஷூட்டிங் முடிஞ்சா என் தோள்லதான் தூங்குவா. அவங்க வீட்டு டிரைவர் வர்ற வரைக்கும் நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டுவேன்..." சட்டென்று நிமிர்ந்தார். "இருங்க. தொண்டையில குழாய்னு நியூஸ்ல சொன்னாங்களே. எப்படிச் சொன்னா?"

"தலையாட்டினா."

"எப்படி?"

நெவெனா ஆட்டிக் காட்டினாள். இடம், வலம். இடம், வலம்.

அஸ்பாரு அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"என்ன சார்?" என்றான் பெஞ்சோ, காபியை மறுபடி நீட்டியபடி.

"அவ இல்லைன்னு சொல்லியிருக்காம்மா... இல்லைன்னு சொல்லியிருக்கா..."

"எனக்கும் தலை இருக்கு சார். எந்த ஆட்டம் எதுன்னு எனக்குத் தெரியும்."

"எங்க தொடர் அப்படி இல்லம்மா. மூணு வருஷத்துக்கு முன்னால வெளிநாட்டுக்கு வித்தாங்க. அங்க குரல் மாத்திப் போட்டா ஒரே குழப்பம். வாய் ஆமாங்குது, தலை இல்லைங்குது. ஜனம் கேலி பண்ணிடுச்சு. உடனே தயாரிப்பாளர் ஒரு வாத்தியாரம்மாவைக் கூட்டிட்டு வந்து எங்க எல்லாரையும் வெளிநாட்டுக்காரன் மாதிரி தலையாட்டப் பழக்கிட்டார். சரியா ஆட்டினா தெமிக்கு ஒரு சாக்லேட். எட்டு வயசுக் குழந்தை, பச்சக்னு பிடிச்சுக்கிட்டா. இப்ப அவளுக்கு வேற ஆட்டமே வராது. பள்ளிக்கூடத்துல அதுக்காகவே அடி வாங்கியிருக்கா."

"உங்களுக்கு?"

"பேக்கரியில பனிட்சா வேணுமான்னு கேட்பாங்க. தலையாட்டுவேன். எடுத்து உள்ள வெச்சுடுவாங்க."

நெவெனா நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

"பெத்த அம்மாவுக்கு இது தெரியாதா?" என்றாள்.

"கூட இருந்தாத்தானேம்மா தெரியும்?"

*

துணைப் பிரதமர் மறுநாள் மதியம் நிருபர் கூட்டத்தில் இருந்தார். டி.வி.யில் நேரலை. 'ஒரு தாயாக என் நெஞ்சு கொதிக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி அறையில் மூன்று பேர்தான். நெவெனா, டாக்டர், செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பெஞ்சோ.

"தெமெனுகா, நான் போலீஸ் ஆன்ட்டி. பயப்படாதே, இங்க டாக்டரும் இருக்கார். உன் பேர் தெமெனுகாதானே?"

தலை மேலும் கீழும் அசைந்தது.

பெஞ்சோ செல்போனை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"ஸ்னெஜானாதானே உங்கம்மா?"

மேலும் கீழும்.

"உனக்கு எழுபது வயசு ஆச்சா?"

பக்கவாட்டில். அந்த வீங்கிய உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிக்கப் பார்த்தாளோ என்னவோ.

"அஸ்பாரு மாமாவா உன்னைத் தள்ளினார்?"

பக்கவாட்டில். வேகமாக.

"நீயா வழுக்கி விழுந்தியா?"

பக்கவாட்டில்.

"உன் பக்கத்துல வேற யாராவது நின்னாங்களா?"

மேலும் கீழும்.

நெவெனா கதவைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த கேள்வியைக் கேட்டால் வேலை போகும். கேட்காவிட்டால் இந்தக் குழந்தை இன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போகும். அங்கே கதவைச் சாத்திவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

கேட்டாள்.

"அம்மாவாடா?"

தலை அசையவில்லை. குழாயில் மூச்சு மட்டும் வேகமாகப் போய் வந்தது. ஒட்டியிருந்த இமைகளின் இடுக்கிலிருந்து ஒரு சொட்டு வழிந்து கட்டுத்துணியில் இறங்கியது.

பிறகு... மேலும் கீழும். மெதுவாக.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தள்ளினதும் அம்மாதானா?"

மேலும் கீழும்.

"உனக்கு அந்த வீட்டுக்குப் போகணுமா?"

குழாய் கழன்றுவிடுமோ என்று டாக்டர் ஓடிவரும் அளவுக்குத் தலை பக்கவாட்டில் ஆடியது.

"சரிடா, சரி... அப்பாகிட்டப் போறியா?"

மேலும் கீழும்.

பெஞ்சோ செல்போனை இறக்கினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "போதும் சீஃப். அமுக்கமா ஓடிடலாம்."

"போதாது. இதைக் கோர்ட்ல கிழிச்சுப் போட்டுடுவாங்க. இன்னொரு வேலை பாக்கி இருக்கு. கதவைச் சாத்து."

*

ஸ்னெஜானா வந்தபோது பின்னால் ஆம்புலன்ஸ் ஆட்கள், பூங்கொத்து, இரண்டு பாதுகாவலர்கள்.

"எல்லாரும் வெளிய இருக்கட்டும் மேடம்," என்றாள் நெவெனா. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டாக்டரின் அறைக்குள் நான்கே பேர். பெஞ்சோ செல்போனை மேஜை மேல் சாய்த்து வைத்தான். வீடியோ ஓடியது.

ஸ்னெஜானா குனிந்து பார்த்தார். 'அம்மாவாடா?' என்ற கேள்வி வந்ததும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். மகளின் தலை மேலும் கீழும் அசைந்தது.

அவர் கை மெல்லத் தளர்ந்தது. உதட்டில் ஒரு புன்னகை வந்தது. சுவரொட்டியில் இருக்கும் அதே புன்னகை.

"இதுல என்ன இருக்கு இன்ஸ்பெக்டர்? இல்லைன்னு சொல்றா. நான் தள்ளலைன்னு குழந்தையே சொல்லிட்டா."

"அவளுக்கு அது ஆமாம் மேடம். தொடருக்காக மாத்திப் பழக்கியிருக்காங்க. மூணு வருஷமா."

ஒரு வினாடி அவர் கண் அலைந்தது. மூன்று வருஷத்துச் சாப்பாட்டு மேஜைகளைத் தேடிப் பார்த்தார் போலும். ஒன்றிலும் அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

"அதெல்லாம் யாரோ நடிகன் விடற கதை. இது பல்கேரியா. பல்கேரியக் குழந்தை, பல்கேரியச் சட்டம். மேலும் கீழும் ஆட்டினா இல்லைன்னுதான் கோர்ட் எடுத்துக்கும்."

"அதுதான் உங்க முடிவா மேடம்?"

"அதுதான் என் முடிவு."

"அப்ப முதல்லேர்ந்து ஒருமுறை பார்த்துடலாம்." நெவெனா வீடியோவைப் பின்னால் இழுத்தாள். "ஸ்னெஜானாதானே உங்கம்மான்னு கேட்டேன். மேலும் கீழும். உங்க கணக்குப்படி... இல்லைங்கறா."

அங்கேயே வீடியோவை நிறுத்தினாள்.

பெற்ற வயிறு என்ன செய்யும்? ஆமாம், அது ஆமாம்தான், அவள் என் மகள்தான் என்று கத்தியிருக்க வேண்டும். கத்தினால் பதவி போய்விடும். ஸ்னெஜானா யோசித்தார். அதிக நேரம் யோசிக்கவில்லை. அரசியலில் அவரைத் தூக்கிவிட்டதே அந்தச் சுறுசுறுப்புதான்.

"அடி பட்டதுல குழந்தைக்குப் புத்தி கலங்கியிருக்கு," என்றார் நிதானமாக. "பெத்த அம்மாவையே தெரியல. அப்படிப்பட்ட சாட்சி செல்லாது. எழுதிக்கோங்க."

"நீங்களே எழுதிக் கொடுத்தா நல்லது மேடம். நான் எழுதினா நாளைக்கு மாத்திட்டேம்பாங்க."

பெஞ்சோ சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

'என் மகள் என்னைத் தன் தாய் என்று அடையாளம் காணவில்லை' என்று ஸ்னெஜானா எழுதினார். கீழே கையெழுத்து. தினமும் ஆயிரம் கோப்புகளில் போடும் அதே கையெழுத்து, ஒரு கோடுகூட நடுங்கவில்லை.

டாக்டர் அந்தத் தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். "அப்ப சரி. உங்களை அம்மான்னு தெரியாத குழந்தையை உங்களோட அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல. அவங்க அப்பா கீழ வந்து உட்கார்ந்திருக்கார். மேல கூப்பிடறேன்."

"என்ன விளையாடறீங்களா? ஒரு போன் போட்டேன்னா..."

"போடுங்க மேடம்," என்றாள் நெவெனா. "ஆனா அதுக்கு முன்னால இன்னொரு வீடியோ இருக்கு. தலை விவகாரம் சண்டையில முடியும்னு எங்களுக்கும் தெரியும். அதனால கதவைச் சாத்திட்டுப் போர்வையை விலக்கினோம். ஆமாம்னா வலது கால் பெருவிரல். இல்லைன்னா இடது. குழந்தைக்குச் சொன்னோம், உடனே புரிஞ்சுக்கிட்டா."

பெஞ்சோ பொத்தானை அழுத்தினான்.

திரையில் இரண்டு சின்னப் பாதங்கள். நகங்களில் டோராவுக்காகப் பூசிய ஆரஞ்சுச் சாயம்.

'மேல உன்னைத் தள்ளினது யாரு? அஸ்பாரு மாமாவா?' இடது விரல் மடங்கியது.

'அம்மாவா?' வலது விரல்.

'ஸ்னெஜானாதானே உங்கம்மா?'

வலது விரல் மடங்கியது. நிமிர்ந்தது. கேள்வி முடிந்த பிறகும் மறுபடி மடங்கியது. யாரும் கேட்காமலே, இன்னொரு தடவை.

ஸ்னெஜானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இப்போது மேக்கப்பைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

"கட்டிப்பிடின்னுதான் சொன்னேன்," என்றார். குரல் யாருடையதோ போலிருந்தது. "கேமரா முன்னால ஒரே ஒரு தடவை... 'அஸ்பாரு மாமாவைன்னா கட்டிக்கறேன், உங்களை மாட்டேன்'னா. கோவத்துல கையை உதறினேன். அவ்வளவுதான். அவ்வளவேதான்."

"அதைக் கோர்ட்ல சொல்லுங்க மேடம். அம்மாவா சொல்றீங்களா, அடையாளம் தெரியாதவங்களா சொல்றீங்களான்னு மட்டும் முடிவு பண்ணிக்கோங்க."

ஸ்னெஜானா எழுந்தார். தள்ளாடி, கதவு வரை நடந்தார். வெளியே பாதுகாவலர்கள் விறைப்பாக நின்றார்கள், யாரைக் காப்பது என்று இன்னும் தெரியாமல்.

"மேடம்... ஒரு நிமிஷம்," என்றான் பெஞ்சோ.

அவர் திரும்பினார். கண்ணில் ஒரு சின்ன நம்பிக்கை.

"பிள்ளை போச்சு, பதவியும் போகப் போகுது. கையில இருக்கற அந்தப் பேனா என்னோடது. அதையாவது கொடுத்துட்டுப் போங்க."